குடலைச் சுத்தம் செய்தால் மனச்சோர்வு போகுமா?

கேள்வி: என் கணவருக்கு 53 வயது. தம்பலகாமத்தில் வயல் செய்கிறார். பெரும்போகம் முடிந்ததிலிருந்து வயிறு ஊதுகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் மாறி மாறி வருகின்றன. சாப்பாட்டில் விருப்பமில்லை, மெலிந்துவிட்டார். விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து விறாந்தையில் இருக்கிறார். ஸ்கோப், இரத்தம், தைரொயிட் எல்லாம் சரி என்று சொல்லி மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே தந்த குளிசையைக் குடித்தபோது குமட்டல் கூடியது. குடல் பக்டீரியா கெடுவதால்தான் மனச்சோர்வு வருகிறது, அதற்கான குளிசையே நல்ல பக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பத்தாம் நாள் குளிசையை நிறுத்திவிட்டு, குடலைச் சுத்தம் செய்ய மருந்துக்கடையில் ஃபிளாஜில் என்ற அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தேன். கனடாவில் இருக்கும் தம்பி நல்ல பக்டீரியா அடங்கிய புரோபயோட்டிக் அனுப்புவதாகச் சொல்கிறான். கொடுக்கலாமா? மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். கிளினிக் வரிசையில் யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள்? போன கிழமையிலிருந்து அவர் அமைதியாக இருக்கிறார். வங்கிப் புத்தகமும் காணி உறுதியும் எந்த லாச்சியில் இருக்கின்றன என்று காட்டினார். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டார்.
- திருகோணமலை வாசகி

பதில்: அம்மா, பக்டீரியா காத்திருக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் சொன்னதைத்தான் இங்கும் முதலில் எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும்.

மாதக்கணக்கில் தூங்காமல் தவித்த ஒருவர் திடீரென்று அமைதியாகிறார். வங்கிப் புத்தகம் இருக்கும் லாச்சியைக் காட்டுகிறார். பிழைப்புக்கு வேண்டிய லாண்ட்மாஸ்டரை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அவர் தெளிந்து வருகிறார் என்று நீங்கள் ஆறுதல்பட்டிருக்கிறீர்கள். எனக்கோ வயிற்றைப் பற்றி நீங்கள் எழுதிய அத்தனையையும்விட இந்தக் கடைசி வரிகள்தான் பயம் தந்தன. உயிரை விடுவது என்று உள்ளுக்குள் முடிவெடுத்தவர்களிடமும் இப்படி ஓர் அமைதி வருவதுண்டு. உங்கள் கணவர் அப்படித்தான் நினைக்கிறார் என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து, கேட்டதும் அழுதுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றே திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவானாலும் போகலாம். கிளினிக் துண்டில் உள்ள திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். என்ன செய்வது என்று தடுமாறினால் 1926, அது தேசிய மனநல உதவி இலக்கம். தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. வயல் செய்யும் வீட்டில் களைநாசினியும் பூச்சிமருந்தும் இருக்கும். அவற்றை வீட்டைவிட்டே அகற்றி, அவர் கைக்கு எட்டாத வேறோர் இடத்தில் பூட்டி வைக்கச் செய்யுங்கள். அவருடைய குளிசைகளும் உங்கள் கையில் இருக்கட்டும். சாக மனமுள்ளவரை இதெல்லாம் தடுக்குமா என்று கேட்பீர்கள். தடுக்கும். 1995 அளவில் இலங்கையில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பிறகு அந்த விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

இனி உங்கள் பக்டீரியா. காணொளிக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றவை. 2016இல் அயர்லாந்தின் கோர்க் நகர ஆய்வாளர்கள் மனச்சோர்வு நோயாளிகளின் மலத்திலிருந்த பக்டீரியாக்களை எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் நடத்தையிலும் சோர்வின் சாயல் தெரிந்தது. 2019இல் பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மலத்தைச் சோதித்ததில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் கொப்ரொகொக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு வகை பக்டீரியாக்கள் குறைந்திருந்தன. குளிசை எடுப்பதைக் கணக்கில் கொண்டு பார்த்தபோதும் அப்படித்தான்.

ஆனால் எது முதலில் வந்தது? மனம் சோர்ந்தவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, நடமாடுவதில்லை. அவருடைய குடலும் மந்தமாகிறது. அதனால் பக்டீரியா மாறியதா, பக்டீரியா மாறியதால் மனம் சோர்ந்ததா என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. இரண்டு திசையிலும் நடக்கலாம். எலியில் கண்டதை எடுத்துக்கொண்டு தம்பலகாமத்தில் வைத்தியம் செய்ய முடியாது.

"குளிசை பக்டீரியாவைக் கொல்லும்" என்பதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஜெர்மனி ஆய்வுகூடம் ஒன்று அன்டிபயோட்டிக் அல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 வகைக் குடல் பக்டீரியாக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தது. கால்வாசி மருந்துகள் ஏதோ ஒரு வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன. 2018இல் வெளிவந்த முடிவு அது. ஆய்வுகூடத் தட்டில் நடந்த சங்கதி. அதற்கு அஞ்சி மனச்சோர்வுக் குளிசையை நிறுத்திவிட்டு, பக்டீரியாவைக் கொல்வதையே தொழிலாகக் கொண்ட ஃபிளாஜிலைக் கொடுத்திருக்கிறீர்களே! அதற்கு என்ன கணக்கு? பிரித்தானியாவின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், சில வகை அன்டிபயோட்டிக்குகளைத் திரும்பத் திரும்ப எடுத்தவர்களிடம் மனச்சோர்வு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. துண்டு கேட்காமல் அந்த மருந்தைத் தூக்கிக் கொடுத்த கடைக்காரர் மீதும் எனக்குக் கோபம்தான். மிச்சம் இருந்தால் கொடுக்காதீர்கள். குடல் அழுக்குப் பிடித்த பாத்திரமில்லை, கழுவித் துடைப்பதற்கு.

அந்தக் குமட்டலுக்கும் காரணம் சொல்கிறேன். மனச்சோர்வுக் குளிசைகள் பல செரட்டோனின் என்ற இரசாயனத்தின் மீதுதான் வேலை செய்கின்றன. உடம்பில் உள்ள அந்தச் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. இந்த வகைக் குளிசை அங்கேயும் வேலை செய்வதால் முதல் ஒன்றிரண்டு கிழமைக்குக் குமட்டலும் வயிற்றுக் குழப்பமும் வருவது வழக்கம். சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் குறையும், பிறகு தானே அடங்கும். மனதில் மாற்றம் தெரியவோ இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு ஆறு கிழமைகூட ஆகும். ஆக, தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வரும் முன் நிறுத்திவிட்டீர்கள். இதை ஆரம்பத்திலேயே உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சன நெரிசலில் அது விட்டுப்போயிருக்கலாம். ஆனால் நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். நிறுத்தியதை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். மறுபடி தொடங்கும் முதல் சில கிழமைகளில் படபடப்புக் கூடினால் உடனே தெரிவியுங்கள்.

ஊதல், ஏப்பம், வயிறு மாறி மாறிப் போவது எல்லாம் ஸ்கோப்பும் இரத்தமும் சரியாக இருக்கும்போது பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மலம் கறுத்தாலோ, இரத்தம் கண்டாலோ, மனம் தேறிய பிறகும் மெலிவு நிற்காவிட்டாலோ மறுபடி காட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த ஆராய்ச்சிகளில் வீட்டுக்கு உதவக்கூடியது அதுதான். அவுஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பாதியினரின் உணவை மரக்கறி, பருப்பு வகை, தீட்டாத தானியம், மீன் என்று மூன்று மாதம் மாற்றினார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் நோயிலிருந்து மீண்டார்கள். உணவை மாற்றாத மற்றப் பாதியில் மீண்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். சிறிய ஆய்வு, அதிலும் பெரும்பாலானோர் வழக்கமான சிகிச்சையையும் விடவில்லை. ஆகவே சிகிச்சையோடு சேர்த்து, தவிட்டோடு கூடிய சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை, பயறு, கௌபி, சூடை மீன் எது கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். கிண்ணியாச் சட்டித் தயிர் வேண்டிய மட்டும் சாப்பிடட்டும். தோசைமா புளித்ததுதான், ஆனால் கல்லில் சுடும்போது அதிலுள்ள பக்டீரியா செத்துவிடும். சாப்பிடலாம், மருந்தென்று நினைக்க வேண்டாம். தம்பி அனுப்பும் புரோபயோட்டிக்கால் கெடுதி வரப்போவதில்லை. இந்த நிலையில் இருப்பவருக்கு அதை நம்பி ஒரு நாளைக் கடத்துவதுதான் கெடுதி.

உங்கள் கடிதம் முழுவதும் வயிற்றைச் சுற்றியே ஓடுவது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. வயிற்றுக் கோளாறு என்றால் பக்கத்து வீட்டிலும் சொல்லலாம், சம்பந்தி வீட்டிலும் சொல்லலாம். மனநலக் கிளினிக் என்று சொன்னால் வாசலோடு திரும்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை ஊரார் சும்மா விதைக்கவில்லை, அதற்காக உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மகளின் சம்பந்தத்தைக் காப்பாற்றப் போய் மகளின் தகப்பனை விட்டுவிடாதீர்கள். அவருக்கு வந்திருப்பது பைத்தியமில்லை. பசியையும் தூக்கத்தையும் விடியப்புற அமைதியையும் கெடுத்து, வயிற்றையும் குழப்பும் ஒரு நோய். சிகிச்சை எடுத்தால் பெரும்பாலானோர் தேறி வயலுக்குத் திரும்புகிறார்கள். யாராவது வரிசையில் கண்டு கேட்டால், சாப்பாடும் தூக்கமும் இல்லை, அதற்கு மருந்தெடுக்க வந்தோம் என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், ஃபிளாஜில் அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தம்பி மகனிடம் விஷயத்தைச் சொல்லி அவனையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். லாண்ட்மாஸ்டரை விற்றுவிட வேண்டாம், மாமா அடுத்த போகத்துக்குக் கேட்பார் என்றும் சொல்லி வையுங்கள்.