பதிப்புரிமையும் பணப்பெட்டியும்

கேள்வி: திருட்டு இணையதளங்களால், படம் வெளியான அன்றே தயாரிப்பாளர் தெருவுக்கு வந்துவிடுகிறார். அந்தத் தளங்களை முடக்குவதையும் பதிப்புரிமைச் சட்டத்தைக் கடுமையாக்குவதையும் நீங்கள் தொடர்ந்து சந்தேகத்தோடே எழுதுகிறீர்கள். போதாக்குறைக்கு அரசியல் ஊழலையும் இதில் இழுக்கிறீர்கள். திருடனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: திருடனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கிப் படமெடுத்தவரின் உழைப்பைத் திரையரங்கில் செல்பேசியால் பதிவுசெய்து விற்பவன் தண்டிக்கப்பட வேண்டியவன்தான். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம், அவனுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்க வழி செய்திருக்கிறது. அந்தத் தண்டனையோடு எனக்குப் பிணக்கில்லை. இந்த உரிமை எத்தனை ஆண்டுக்கு நீள வேண்டும், எந்தப் பக்கத்தை முடக்க வேண்டும் என்பதையெல்லாம் யார், எந்த அறையில், யாருடைய பணத்தை வாங்கிக்கொண்டு முடிவு செய்கிறார்கள் என்பதே என் கேள்வி. ஊழலை நான் வலிந்து இழுக்கவில்லை. அது அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பதிப்புரிமை பிறந்தபோது அது குறுகிய காலத்துக்கான உரிமையாகவே இருந்தது. 1710இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்துச் சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டுகள் கொடுத்தது. ஆசிரியர் அதன் பிறகும் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டுகள். 1790இல் அமெரிக்காவும் அதே கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. எழுதியவருக்குச் சில காலம் தனியுரிமை, பிறகு எல்லாருக்கும் பொது என்பதுதான் சமூகம் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் அமெரிக்காவில் படிப்படியாக நீட்டப்பட்டு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் என்றும், நிறுவனங்களுக்காக உருவாக்கப்பட்ட படைப்புகளுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் என்றும் ஆனது. டிஸ்னி உள்ளிட்ட பெருநிறுவனங்கள் கேட்டுப் பெற்ற நீட்டிப்பு அது. எந்த உறுப்பினர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்ற பெயர்ப்பதிவே இல்லாமல், கீழவையில் குரல் வாக்கெடுப்பிலும் மேலவையில் ஒருமனதான ஒப்புதலிலும் அது நிறைவேறியது.

அந்த நீட்டிப்பு ஏற்கெனவே எழுதப்பட்ட நூல்களுக்கும் பொருந்தியது. படைப்பவரை ஊக்குவிக்கத்தான் இந்த உரிமை என்றால், இறந்துபோனவரை இன்னொரு நூல் எழுதும்படி எந்தச் சட்டம் ஊக்குவிக்கும்? உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டுவந்த எரிக் எல்ட்ரெட் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். கூடுதலான 20 ஆண்டுகளால் படைப்பவருக்குக் கிடைக்கும் பொருளாதார ஊக்கம் மிக அற்பம் என்று, மில்டன் ஃப்ரீட்மேன் உட்பட நோபல் பரிசு பெற்ற ஐவர் அடங்கிய 17 பொருளாதார அறிஞர்கள் உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். ஃப்ரீட்மேன் தனியுடைமைக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் 2003 ஜனவரியில், ஏழு நீதிபதிகளுக்கு எதிராக இருவர் என்ற கணக்கில் வழக்கு தோற்றது. வெளியிடப்பட்ட எந்தப் படைப்பும் உரிமைக்காலம் முடிந்து பொதுவுக்கு வராத நிலை அங்கே 2018 முடியும்வரை நீடித்தது.

எல்ட்ரெட்டுக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக். பத்தாண்டு காலம் பதிப்புரிமையே கதி என்று கிடந்த அவர், 2007இல் அதைவிட்டு விலகி அரசியல் ஊழலை ஆராயப்போவதாக அறிவித்தார். ஊழலை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் அதற்கு விடை. அறிஞர்கள் ஒருபக்கமாக நிற்கும் எளிய கேள்விகளில்கூட நாடாளுமன்றம் மறுபக்கம் சாய்கிறது என்றால், வாதத்தில் குறையில்லை, கேட்கிற காதில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அந்தக் காதை அடைத்திருக்கும் பணம், உறையில் வைத்து மேசைக்கடியில் நீட்டப்படும் லஞ்சம் அன்று. சட்டப்படி ரசீதோடு வாங்கப்படும் தேர்தல் நிதி அது. அதனாலேயே எந்தக் காவல் நிலையத்திலும் அதன்மேல் புகார் கொடுக்க முடியாது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2012 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களை முடக்குவதற்கென்று இரண்டு மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தன. சோப்பா, பிப்பா என்று அவற்றை அழைத்தார்கள். ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுவதும் தன் பக்கங்களை இருட்டாக்கி எதிர்ப்புத் தெரிவித்தது. வாக்காளர்களின் தொலைபேசி அழைப்புகள் குவியவும், ஆதரித்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அப்போது திரைப்பட நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் கிறிஸ் டாட். 30 ஆண்டுகள் மேலவை உறுப்பினராக இருந்துவிட்டு 2011இல் அந்தப் பதவிக்குப் போனவர். உங்கள் வேலைக்கு ஆபத்து என்றால் காசோலை எழுதச் சொல்லி எங்களிடம் வருகிறீர்கள், எங்கள் வேலைக்கு ஆபத்து வரும்போது எங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்காதீர்கள் என்ற பொருள்பட அவர் தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே பேசினார். பேசக் கூடாததைப் பேசிவிட்டோம் என்ற கூச்சம்கூட இல்லாமல், ஒரு கணக்குவழக்கை நினைவூட்டுவதுபோல அவர் அதைச் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இனி, முடக்கும் அதிகாரம் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு வருகிறேன். 2010 நவம்பரில், ஹிப்-ஹாப் இசை பற்றி எழுதிவந்த டாஜாஸ்1 என்ற தளத்தைப் பதிப்புரிமை மீறல் என்று அமெரிக்க அரசு கைப்பற்றியது. அந்தத் தளத்தில் இருந்த பாடல்களில் சிலவற்றை விளம்பரத்துக்காக அனுப்பிவைத்தவர்கள் இசை நிறுவனங்களின் ஆட்களே. தளத்தைத் தொடர்ந்து வைத்திருக்க நீதிமன்றத்தில் அரசு பெற்ற காலநீட்டிப்புகள் முத்திரையிட்ட உறைக்குள் வழங்கப்பட்டதால், தளத்தின் வழக்கறிஞரால் அவற்றைப் பார்க்கக்கூட முடியவில்லை. ஓராண்டுக்குப் பிறகு எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் தளம் திருப்பித் தரப்பட்டது. அந்த ஓராண்டுக்கு ஈடு சொல்ல யாரும் வரவில்லை.

நம் ஊரிலும் இது நடந்தது. 2012இல் ‘3’ என்ற தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் குறிப்பிடாத எதிராளிகள்மேல் தடையாணை பெறப்பட்டது. அந்த ஆணையைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்களை முழுமையாகவே முடக்கின. அந்தப் படத்துக்கு எவ்விதத்திலும் தொடர்பில்லாத, தன் குறும்படத்தைத் தானே எடுத்துத் தானே விமியோவில் ஏற்றியிருந்த இளைஞரும் தன் படைப்பையே பார்க்க முடியாமல் நின்றார். அவர் திரையில் ஒரு வரி மட்டும் இருந்தது: நீதிமன்ற ஆணைகளின்படியோ தொலைத்தொடர்புத் துறையின் அறிவுறுத்தலின்படியோ இந்தத் தளம் மறு அறிவிப்பு வரும்வரை தடைசெய்யப்பட்டிருக்கிறது. இரண்டில் எது என்பதையே சொல்லாத அறிவிப்பை வைத்துக்கொண்டு ஒரு குடிமகன் யாரிடம் போய் முறையிடுவார்? குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றமே தெளிவுபடுத்திய பிறகுதான் வழி திறந்தது.

நீதிமன்றத்தின் ஆணையையாவது தேடிப் படிக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அரசு நேரடியாக முடக்கும்போது அதுவும் முடியாது. 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, அந்தப் புகார்களையும் நடவடிக்கைகளையும் கண்டிப்பாக இரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. தேசப் பாதுகாப்புக்கென்று எழுதப்பட்ட பிரிவு அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரகசியமாக இயங்கும் அதிகாரம் யாருக்காக இயங்குகிறது என்பதைச் சரிபார்க்க வெளியில் இருப்பவருக்கு வழியே இல்லை.

அமெரிக்காவில் எந்த நிறுவனத்தின் அரசியல் நிதிக் குழு எந்த உறுப்பினருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதையாவது பெருமளவுக்குப் பார்க்க முடிகிறது. நம் நாட்டில் 2017இல் நிதிச் சட்டத்தின் வழியாக, நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கினார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையையும் நீக்கினார்கள். அதோடு சேர்த்து, கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாத தேர்தல் பத்திரங்களும் வந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இவற்றை ஒருமனதாகச் செல்லாது என்று தீர்ப்பளிக்கும்வரை, இந்த நாட்டில் எந்தச் சட்டத்துக்குப் பின்னால் யாருடைய பணம் நிற்கிறது என்று கேட்பதற்கே நமக்கு ஆதாரம் கிடையாது. அந்த ஆண்டுகளில் நிறைவேறிய ஒவ்வொரு வணிகச் சட்டத்தையும் நான் சந்தேகத்தோடு திரும்பிப் படிப்பது அதனால்தான்.

உரிமைக்காலத்தை நாமும் நீட்டியிருக்கிறோம். தாகூரின் நூல்களுக்கான உரிமை 1991 முடிவில் தீரவிருந்தபோது, அவர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்து அவசரச் சட்டமும், 1992இல் திருத்தமும் கொண்டுவந்து, ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டுகள் என்பதை 60 ஆக்கினோம். நோக்கத்தில் பழுதில்லை, ஆனால் ஒருவருக்காக நாட்டின் எல்லா ஆசிரியர்களின் நூல்களையும் பத்தாண்டு பூட்டியது சரியான வழியாக எனக்குப் படவில்லை. தமிழர்கள் இதற்கு நேர்மாறானதைச் செய்து காட்டியவர்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பணம் கேட்காமல் அதை விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி எல்லாருக்கும் பொதுவானார். உரிமைக்காலம் தீரும்வரை காத்திராமல், மலிவுப் பதிப்பில் ஒரு பள்ளி மாணவி அன்றே பாரதியை வாங்கிப் படிக்க முடிந்தது அதனால்தான். கவிஞரின் குடும்பத்துக்கு அரசு பணமும் கொடுத்தது. படைப்பவருக்கு மரியாதையும் படிப்பவருக்கு உரிமையும் ஒரே நேரத்தில் கிடைக்க முடியும் என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று எனக்குத் தெரியவில்லை.

முடக்கப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் ஆணையின் எண்ணும் அதைப் பிறப்பித்தவர் பதவியும் மேல்முறையீட்டு முகவரியும் இருக்க வேண்டும், தவறாக முடக்கச் சொன்னவர் இழப்பீடு தர வேண்டும், மசோதாவை ஆதரித்து வாக்களிக்கும் உறுப்பினரின் கட்சி அந்தத் துறையிடமிருந்து வாங்கிய நிதி வாக்கெடுப்புக்கு முன்பே அவையில் வைக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன். இவை சட்டமாகும் நாளில், திருட்டுப் பிரதி எடுப்பவனுக்கு நீங்கள் கேட்கும் கடுமையான தண்டனையை இதே பக்கத்தில் உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன்.