பழைய துப்பாக்கித் தொலைநோக்கியின் தரத்தை எப்படி அறிவது?

கேள்வி: என் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையற்காரராக இருந்தார். அங்கிருந்த துரை ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கித் தொலைநோக்கி ஒன்று தோல் உறையோடு எங்களிடம் இருக்கிறது, துப்பாக்கி இல்லை. 'கார்ல் ஸைஸ் யேனா, ஸீல்ஃபியர்' என்று பொறித்திருக்கிறது. உள்ளே பார்த்தால் குறுக்குக் கம்பி நடுவில் இல்லாமல் கீழே இறங்கித் தெரிகிறது. பழுதானது என்று சொல்லி ஒரு வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். அதன் வயதையும் தரத்தையும் நாங்களே அறிய முடியுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கம்பி இறங்கியிருப்பதை மட்டும் வைத்து அதைப் பழுதென்று சொல்வது சரியல்ல. அக்காலத் தொலைநோக்கிகளில் மேலேயுள்ள உருளையைத் திருப்பினால் கம்பியே காட்சிக்குள் ஏறி இறங்கும். எப்படித் திருப்பினாலும் கம்பி நடுவிலேயே நிற்கும் அமைப்பு பின்னால்தான் பரவலாயிற்று. உருளையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கம்பி சாயாமல், குதிக்காமல் சீராக நகர்ந்தால் உள்ளமைப்பு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். இறுகியிருந்தால் வலிந்து திருப்ப வேண்டாம். பக்கவாட்டில் இன்னோர் உருளை இல்லாவிட்டாலும் அது குறையாகாது. பழைய ஜெர்மன் கருவிகள் பலவற்றில் இட வலத் திருத்தத்தைத் துப்பாக்கியோடு பிணைக்கும் தாங்கியில்தான் செய்தார்கள்.

ஸீல்ஃபியர் என்பது மாதிரியின் பெயர். வயதை அறிய, யேனா என்ற ஊர்ப்பெயர் மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸைஸ் நிறுவனம் இரண்டாகப் பிரிந்து, மேற்கு ஜெர்மனியில் ஓபர்கோஹனிலும் கிழக்கு ஜெர்மனியில் யேனாவிலும் இயங்கியது. ஆகவே கண்ணாடியைப் பாருங்கள். விளக்கொளி லென்ஸில் பட்டுத் திரும்பும்போது வெள்ளையாகவே தெரிந்தால் அது பூச்சில்லாத கண்ணாடி. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சிட்டது. இந்தப் பூச்சை ஸைஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் கண்டுபிடித்தார். வேட்டைக் கருவிகளில் அது பரவலானது போருக்குப் பிறகுதான். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், பத்துப் பரப்புகளைத் தாண்டும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். எனவே போருக்கு முந்தைய கருவியில் மாலைக் காட்சி சற்று மங்கலாக இருப்பது இயல்பே.

நம் மலையில் உண்மையான பகை பூசணம். ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து, மறுமுனையில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். லென்ஸின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல்போலக் கிளைத்து வரும் இழைகள் தெரிந்தால் அது பூசணம். அதன் அமிலம் கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்த பின்னும் தடம் போகாது. ஓரத்தில் வானவில் நிற வளையங்களோ மஞ்சள் திட்டுகளோ தெரிந்தால், இரு லென்ஸ்களை ஒட்டிய கனடா பால்சம் என்னும் பிசின் விட்டுப்போயிருக்கிறது. இதைக் கைதேர்ந்தவர் பிரித்து மீண்டும் ஒட்டலாம். அரித்த கண்ணாடிக்கு அப்படி வழியில்லை. விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

பிறகு கருவியைச் சுவரின் மேல் அசையாமல் வைத்து, தொலைவிலுள்ள தைலமரக் கிளையை வானம் பின்னணியாக இருக்கப் பாருங்கள். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் சிறிது தளர்ந்தும் இருந்தால் நல்ல கருவி. சூரியனை நோக்கிப் பார்க்கவே கூடாது.

குழாயின் கரும்பூச்சு தேய்ந்திருப்பதும் தாங்கியின் வளையம் பிடித்த தழும்பும் வயதுக்குரியவை. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் மதிப்புதான் போகும். வரிசை எண்ணும் அழியும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதங்களின் உறுப்புகளையும் தன் வரையறைக்குள் சேர்ப்பதால், விற்குமுன் உதகை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை மாதங்களில் என் பழைய தொலைநோக்கியின் உள்ளே ஆவி படிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடும் முறையை அமெரிக்காவின் லியூபோல்ட் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கருவிகளுள் ஈரக்காற்று புகும். அடுப்பருகே வைத்துக் காயவைக்க வேண்டாம், பிசின் இளகும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதிலிருந்து எடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வேறு போடுங்கள்.