சிரித்துவிட்டு விலகும் பிள்ளைகள்

கேள்வி: ரீச்சர், என்ரை மகள் புலமைப்பரிசில் கிடைச்சு செப்டெம்பரிலை சீனாவுக்குப் படிக்கப் போனவள். வகுப்பிலை இருக்கிற சீனப் பிள்ளையள் கதைக்கினமில்லையாம். ஏதும் கேட்டால் சிரிச்சுப்போட்டு விலகிடுவினமாம். எங்களைக் கீழா நினைக்கினமோ? பிள்ளை போனிலை அழுறாள்.
– ஒரு தகப்பன், முள்ளியவளை

பதில்: அண்ணை, நான் வூஹானில் முதுமாணி படித்தவள். அந்தச் சிரிப்பை நன்றாக அறிவேன். பெரும்பாலும் அது கூச்சம்.

அங்கே ஒரு பிள்ளை யூன் மாதத்து ‘காவ்காவ்’ அனுமதிப் பரீட்சைக்காக எழுதி எழுதியே வளர்கிறது. பிறகு பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய நாடளாவிய ஆங்கிலத் தேர்வு. கேட்டல், வாசிப்பு, எழுத்து, மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் உண்டு. பேச்சுக்குத் தனித் தேர்வு. அதனால் கடினமான கட்டுரையை வாசித்து விளங்குகிற பிள்ளைக்கு ‘உன் ஊர் எது’ என்று கேட்க நா எழாது. நாலு பேர் முன்னால் பிழைவிடுவது பெரிய அவமானம். கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எங்கள் ஏ.எல். பிள்ளைகளும் மேசையைத்தானே பார்ப்பார்கள்?

போதாததற்கு, வெளிநாட்டு மாணவருக்கு அநேகமாக வேறு விடுதி. சீனப் பிள்ளைகள் நாலைந்து பேராக ஒரே அறையில் இருப்பார்கள். சிநேகம் வளர்வது அந்த அறைகளில்தான். மகளுக்கு அங்கே இடமில்லை.

நிறத்தைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்கமாட்டேன். வெள்ளையாக்கும் கிறீம் அங்கேயும் நன்றாக விற்கிறது. அப்படியான ஆட்களின் பின்னால் மகள் போகத் தேவையில்லை. ஆனால் வயது என்ன, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது நேராகக் கேட்டால் கோபிக்க வேண்டாம். முள்ளியவளையில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்பதும் அதைத்தானே.

வகுப்பில் எல்லோர் முன்னும் பேச்சுக்கொடுக்காமல், அங்கே எல்லோரும் பாவிக்கிற ‘வீசாட்’ போன் செயலியில் ஒருத்திக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கோ. பாடக்குறிப்புக் கேட்கட்டும். எழுத்தில் அவர்கள் வேறு ஆள். ஆறுதலாக யோசித்து நீளமாகப் பதில் போடுவார்கள். சாப்பாடு இன்னும் நல்ல வழி. என் முதல் தோழி ஹுனான் மாகாணத்துக்காரி. அவர்கள் உறைப்பில் எங்களுக்குச் சளைத்தவர்களில்லை. அம்மா அனுப்பிய கருவாட்டைப் பொரித்து மிளகாயோடு கொடுத்தேன். அன்றிரவு பத்து மணிவரை கதைத்தாள், அரைகுறை ஆங்கிலத்தில், கையாலும் காலாலும்.

காலி நகரத்துக் கல்வெட்டின் படத்தையும் மகள் அனுப்பிக் காட்டலாம். 1409ஆம் ஆண்டுத் திகதியுள்ள அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்தது. அவர் பெயரைச் சீனப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. எது தன் மொழி என்று மகள் தொட்டுக் காட்டட்டும்.

வசந்த விழா என்கிற சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு விடுதிகள் வெறிச்சோடிவிடும். அப்போது யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போகட்டும். பழம் கொண்டுபோகலாம், இரண்டு கையாலும் கொடுக்க வேணும். மணிக்கூடு மட்டும் வேண்டாம், அதைச் சாவோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.