செஞ்சிலுவை போன்ற அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சொன்ன காரியத்துக்குத்தான் செலவாகிறதா?

பெரும்பகுதி அரசுகளிடமிருந்துதான் வருகிறது. ஐ.நா. எல்லாவற்றுக்கும் படியளக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு, ஆனால் ஐ.நா.வின் சொந்த அங்கமான அகதிகள் உயர் ஆணையத்துக்கே அதன் பொது நிதியிலிருந்து கிடைப்பது மிகச் சிறிய பங்குதான். உலக உணவுத் திட்டம் முழுக்க முழுக்க நன்கொடையில் நடப்பது என்பதால், முதல் பெரும் நன்கொடையாளரான அமெரிக்கா 2025இல் கையைச் சுருக்கியபோது பல நாடுகளில் அகதிகளின் உணவுப் பங்கீடு குறைந்தது. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு எந்த அரசையும் சாராத சுதந்திரமான அமைப்பு என்றாலும், அதன் வரவிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுகளின் பணமே. அது எதிர்பார்த்த அளவு வராததால் 2023இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க நேர்ந்தது.

இதற்கு விலக்கு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. அதன் வருமானம் ஏறக்குறைய முழுவதும் தனிமனிதர்களும் தனியார் நிறுவனங்களும் தருவது. அதனால்தான், அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பியனுப்பும் ஒப்பந்தத்தை எதிர்த்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் அதன் உறுப்பு நாடுகளின் நிதியும் வேண்டாம் என்று 2016இல் அதனால் சொல்ல முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டு நிதி பெறும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொன்னால், பணம் பெரும்பாலும் சொன்ன காரியத்துக்கே செலவாகிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஒரே ஜீப் காலையில் குடிநீர்த் திட்டத்துக்கும் மாலையில் பள்ளித் திட்டத்துக்கும் ஓடினால், டீசல் செலவைக் கிலோமீட்டர் கணக்கில் பிரித்து, வண்டியின் லாக் புத்தக நகலோடு தனித்தனி வவுச்சர் போடுவோம். குடிநீர்த் திட்டத்தில் பணம் மிஞ்சிக் கிடந்தாலும், பள்ளிக்கூடக் கூரைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. காவலாளியின் சம்பளத்தை எந்தத் திட்டத்தில் எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் மாதக் கடைசி வேலை. (நிர்வாகச் செலவு குறைவாயிருப்பதை வைத்தே ஓர் அமைப்பை மெச்சுகிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.)

செய்தியில் வரும் துயரத்துக்கென்று கொடுத்த பணம் வேறு இடத்துக்குப் போக முடியாமல் அங்கேயே குவிந்து கிடப்பதும் இதனால்தான். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை நினைவிருக்கும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஓரிரு வாரங்களுக்குள்ளாகவே, இதற்கு வந்த பணம் போதும், இனிமேல் எந்தப் பணிக்கும் செலவிடக்கூடிய எங்கள் பொது நிதிக்குக் கொடுங்கள் என்று அறிவித்தது. பணிக்கு மிஞ்சியிருந்ததை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று, கொடுத்தவர்களிடம் அனுமதியும் கேட்டது. பெரும்பாலோர் மறுப்புச் சொல்லவில்லை.