ஸ்மாஷ் அடித்தால் தோள்வலி: ஆபரேஷன் வரை போகுமா?

வணக்கம். பேட்மின்டனில் ஸ்மாஷ் அடிக்கும்போதும் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும்போதும் ஆறு வாரமாக வலது தோள் குத்துகிறது, ஆபரேஷன் தேவைப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் வலித்து, முழுக்கத் தூக்கியதும் குறைகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களின் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) தொல்லைதான். அதற்கு முதல் மருந்து பயிற்சி.

ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டாம், தலைக்கு மேல் அடிப்பதை மட்டும் கொஞ்ச நாள் விடுங்கள். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, எலாஸ்டிக் பட்டையை வெளிப்பக்கமாக மெல்ல இழுங்கள்; திரும்பி வரும்போது இன்னும் மெதுவாக. லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். எனக்கு மூன்றாவது வாரமே அலுத்துவிட்டது, பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்!

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும். அடிக்கடி போட்டால் தசைநாண் பலவீனமாகலாம். அப்புறம் ஆபரேஷன்: 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், இந்த மாதிரி தோள்வலிக்கு, தசைநாணுக்கு மேலே இருக்கும் தோள் எலும்பைக் கொஞ்சம் சீவிய அறுவைக்கும் சீவாத போலி அறுவைக்கும் பலனில் பெரிய வித்தியாசமில்லை.

கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை, அல்லது கை மரத்துப்போகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.