ஊட்டியிலேயே படிக்க வைப்பதா, கீழே அனுப்புவதா?

"கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் வேலை. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயாலஜி குரூப். ஊட்டியில் சேர்க்கலாமா, கோவைக்கு அனுப்பணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து மூன்று வருஷம் ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குப் போய் வந்தவன் நான். ஊட்டி முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் எனக்கு இரண்டு பஸ். ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதி வழியில் இறங்கி நடந்திருக்கிறேன். ஒரு பிராக்டிகல் தேர்வுக்கு நனைந்த ரெக்கார்டு நோட்டோடு போய் நின்றேன். அதனால் கல்லூரிப் பெயருக்கு முன்னால் உங்கள் ஊரின் முதல் பஸ், கடைசி பஸ் நேரத்தைப் பாருங்கள்.

நான் படித்த அந்தக் கல்லூரி 1955இல் தொடங்கியது, ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில். கட்டணம் குறைவு. அங்கே வனவிலங்கு உயிரியல் படிப்பு இருக்கிறது, மாநிலத்தில் அதிகம் கிடைக்காதது. வெளியூர்ப் பிள்ளைகள் காட்டெருமையைப் பார்க்க ஃபீல்டு டூர் வரணும்; உங்கள் மகளுக்கு அது தேயிலைக்குள்ளேயே நிற்கும்.

பெண்கள் கல்லூரிதான் வேண்டும் என்றால் குன்னூர் பிராவிடன்ஸ். உங்களுக்கு ஊட்டியை விடப் பக்கம்.

பார்மசி என்றால் ஊட்டி ஜே.எஸ்.எஸ். நல்ல பெயர், எங்கெங்கிருந்தோ வந்து படிக்கிறார்கள். மைசூரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அரசுக் கல்லூரிக் கட்டணத்தை மனதில் வைத்துப் போகாதீர்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி 2021-22 கல்வியாண்டில் வந்தது, 150 இடங்கள். அதற்கு நீட் எழுதியிருக்க வேண்டும்.

நம் ஊரில் பலர் யோசிக்காத ஒன்று மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்கு வருஷ வனவியல் பட்டம். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கோத்தகிரியிலிருந்து இறங்கினால் கிட்டத்தட்ட ஊட்டி தூரமேதான். நானாக இருந்தால் முதல் விண்ணப்பம் அங்கேதான் போடுவேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் இந்த மாதிரித் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 மகள் கணக்கில் விழும். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியிலேயே வாங்கி வையுங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை மகளோடு அந்த முதல் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். படியில் தொங்கிக்கொண்டு போகிற நிலைமை என்றால் ஹாஸ்டல் விசாரியுங்கள்.