வாசகர் கேள்வி – பதில்: பைலாவின் ஆறு எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

ஆபிரிக்க வம்சாவளியினரின் பழைய தாளங்களை இன்றைய இசையோடு இணைக்கும் கலைஞர்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு, திருகோணமலை மாவட்டத்திலிருந்து மட்டும் எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டு, இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மாமா மகளின் கல்யாண வீட்டில் இசைக்குழுவினர் பைலா வாசித்தபோது, பெரியவர் ஒருவர், “இது போர்த்துக்கேயர் விட்டுப்போன சங்கீதம், நமக்கு எதற்கு?” என்றார். அது சரியா? நீங்கள் எழுதிய ஆபிரிக்கத் தாளத்துக்கும் பைலாவுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, உப்புவெளி

பெயர் போர்த்துக்கேயருடையது என்பதில் ஐயமில்லை. ‘பைலார்’ என்றால் அம்மொழியில் ஆடுதல். வயலினும், மெட்டுகள் பலவும் அவர்கள் வழியாக வந்தவையே. ஆனால் பைலாவுக்கு முன்னோடியான ஆட்டப்பாட்டின் பெயர் கபிரிஞ்ஞா. ஆபிரிக்கரைக் குறித்த ‘காப்பிரி’ என்ற சொல்லோடு ‘இஞ்ஞா’ என்ற போர்த்துக்கேயக் குறுமை விகுதி சேர்ந்த பெயர் அது. ஆபிரிக்கரின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தைப் போர்த்துக்கேயருடையது என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவரும் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் ஏவலாளராகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். அவர்களின் வழிவந்தோர் இன்று புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்ந்து, ‘மஞ்ஞா’ என்ற பாடல்களைப் பாடி வருகிறார்கள். இரண்டு மூன்று வரிகளே உள்ள பாட்டு திரும்பத் திரும்ப வரும்; மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏறும்; ரபான் என்ற கைமேளமும் சிரட்டையும் கரண்டியால் தட்டும் போத்தலும் தாளம் பிடிக்கும். கிழக்கில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கபிரிஞ்ஞா ஆடப்பட்டு வந்திருக்கிறது. பாலையூற்றில் சிறுவயதில் நான் பார்த்த ஒரு கல்யாணத்தில், வெற்றுப் போத்தலை மடியில் சாய்த்து வைத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் கை, வயலின்காரர் தடுமாறிய இடத்திலும் ஒரு துளி பிசகாமல் சென்றது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அந்தக் கை என்ன செய்தது என்பதை வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒன்று முதல் ஆறு வரை சீராக எண்ணிக்கொண்டு, வலக்கையால் 1, 4 ஆகிய எண்களிலும், இடக்கையால் 1, 3, 5 ஆகிய எண்களிலும் மேசையைத் தட்டுங்கள். வலக்கை ‘தகிட தகிட’ என்றும் இடக்கை ‘தக தக தக’ என்றும் பேசும். இரண்டும் ஒரே ஆறுக்குள் அடங்கும். மூன்றாம் சுற்றில் இடக்கை வழி தவறுவது வழக்கம். அது பிடிபட்டதும் இடுப்பு தானாக அசையத் தொடங்கும். இரண்டையும் மூன்றையும் ஒரே நேரத்தில் நடத்தும் இந்தப் பழக்கம் ஆபிரிக்காவின் பெரும் பகுதியில் வேரோடியிருக்கிறது. இந்து சமுத்திரத்தில் மொரிஷியஸின் செகா, ரியூனியனின் மலோயா, நம் கபிரிஞ்ஞா ஆகிய மூன்று ஆட்டப்பாட்டுகளும் இந்த ஆறு எண்ணிக்கையின் பிள்ளைகள்.

1940களில், காவல் துறையில் பணியாற்றிய வோலி பஸ்டியன்ஸ் இதைச் சிங்கள வரிகளோடு கிற்றாருக்குப் பொருத்திப் பைலாவாகப் பரப்பினார். பின்னர் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த ஈழத்துப் பொப்பிசை அதே துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழ்நாட்டு மேடைகளில் ஒலித்தபோது, அங்கே கைதட்டியவர்கள் இந்த ஆபிரிக்க ஆறு எண்ணிக்கைக்கும் சேர்த்தே கைதட்டினார்கள். ஆகவே பழைய ஆபிரிக்கத் தாளத்தைப் புதிய இசையோடு கலக்கும் வேலையைத் தேடி நாம் நியூயோர்க் வரை போக வேண்டியதில்லை. அது நம் கல்யாணப் பந்தலிலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அந்த ஆபிரிக்கரை மட்டும் மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

‘காப்பிரி’ என்ற சொல்லை எழுதலாமா? அது வசைச்சொல் என்று படித்தேன்.
— வாசகர், மூதூர்

‘காஃபிர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது; கிழக்கு ஆபிரிக்கக் கரையில் இஸ்லாத்தைச் சேராதோரை அரபு வணிகர் அவ்வாறு குறித்தனர், போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்காவில் அது கொடிய வசையாக மாறிவிட்டது. அங்கே அதைச் சொல்லவே கூடாது. இலங்கையில் அச்சமூகத்தினர் அதைத் தம் பெயராகவே வழங்கி வந்திருப்பதால், அந்தப் பொருளில் மட்டும் நான் எழுதுகிறேன். சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் ‘காப்பிலி’ என்று நம் வீடுகளில் கேலி செய்வது வேறு விடயம். அது இன்றோடு நிற்க வேண்டும்.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கஹோன் என்ற பெட்டி மேளம் வாங்கினோம். கடைக்காரர் அதை ஸ்பெயின் நாட்டுக் கருவி என்றார். அப்படியா?
— பாடகர் குழு உறுப்பினர், பாலையூற்று

அது பெரு நாட்டுக் கருவி. இன்னும் சரியாகச் சொன்னால், பெருவில் அடிமைகளாக வாழ்ந்த ஆபிரிக்கரின் கருவி. மேளங்களை ஆள்வோரும் திருச்சபையும் விரும்பாத காலத்தில், சரக்கு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து தட்டியவர்கள் அவர்கள். 1970களின் பிற்பகுதியில் லீமாவுக்குச் சென்ற ஸ்பானிய கிற்றார் மேதை பாக்கோ தெ லூசியா அங்கே அதைக் கேட்டு மயங்கி எடுத்துவந்தார்; அவரது குழுவில் தாளம் வாசித்த பிரேசில் கலைஞர் ருபெம் தாந்தாஸ் அதை ஸ்பெயினின் பிளமெங்கோ இசையில் நிலைநாட்டினார். உங்கள் பெட்டியின் முன்பலகைக்குப் பின்னால் கம்பி இழைகள் உரசுமானால், அது ஸ்பெயினில் பின்னர் சேர்ந்தது. பெருவின் பழைய பெட்டியில் கம்பி இல்லை. 2001இல் பெரு அரசு கஹோனைத் தன் தேசிய பண்பாட்டு மரபாக அறிவித்தது.

தட்டுவதற்கு ஒரு மேளம் கிடையாது என்ற நிலை வந்த இடமெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. கியூபாவில் கருவாட்டுப் பெட்டிகள் ரும்பா ஆட்டத்துக்குத் தாளமாயின. டிரினிடாட்டில் 1880களில் மேளத்துக்குச் சட்டத்தால் தடை வந்தபோது மூங்கில் குழாய்களை நிலத்தில் குத்தி ஒலி எழுப்பினர். பின் பிஸ்கட் தகரம், அதன்பின் எண்ணெய்ப் பீப்பாய் என்று போய், அடித்துக் குழிவாக்கிய பீப்பாயின் முகத்தில் முழுச் சுரவரிசையையும் எழுப்பும் ஸ்டீல்பான் பிறந்தது. நம் கபிரிஞ்ஞாவின் சிரட்டையையும் போத்தலையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

பெட்டியின் நடுவில் உள்ளங்கை பட்டால் அடிக்குரலும், மேல் விளிம்பில் விரல் நுனி பட்டால் கூர்மையான ஒலியும் எழும். பெருவின் ‘பெஸ்தேஹோ’ என்ற ஆட்டத்தாளமும் ஆறு எண்ணிக்கைதான் என்பதால், முதல் பதிலில் சொன்ன பயிற்சியையே உங்கள் குழு பெட்டியில் தொடங்கலாம். பெருப் பாடகி சூசானா பாக்காவின் பாடல்களையும், அதே தாளங்களை மின்னணு இசையோடு சேர்க்கும் நோவலிமா குழுவையும் கேளுங்கள். பெட்டி எங்கே பேசுகிறது, எங்கே பேசாமல் இருக்கிறது என்பது புரியும்.

நான் கணினியில் பீட் செய்கிறேன். இணையத்தில் ‘ஆப்ரோ’ என்று கிடைக்கும் லூப்களின் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டுகளின்) மேல் பறையைப் பதிவு செய்து போட்டால், வேகம் ஒன்றாக இருந்தும் இரண்டும் ஒட்டவில்லை. என்ன தவறு?
— இளைஞர், திருகோணமலை நகர்

தம்பி, உங்கள் காது சரியாக இருக்கிறது. வேகம் ஒத்துப்போவது மட்டும் போதாது.

கியூபா வழி வந்த இசையில் ‘கிளாவே’ என்று ஒன்று உண்டு. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் திறவுகோல் என்று பொருள். இரண்டு மரக்குச்சிகளால் ஐந்து அடி அடிப்பார்கள். அதை நம் சொற்கட்டில் சொல்லிவிடலாம்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மொத்தம் பதினாறு, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். இது ‘சொன்’ வகை. இரண்டாவது சொல்லையும் மூன்றாவதையும் இடம் மாற்றி, மூன்றாவதைத் தகிட என்று ஆக்கினால், தகிட தகதிமி தகிட தக தகதிமி; இது ரும்பா வகை. ஒரே ஓர் அடி அரைக்கண நேரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் முழுப் பாட்டின் நடையே மாறிவிடுகிறது. கிளாவேயை யாரும் வாசிக்காவிட்டாலும், பியானோவும் பாடகரும் அதை மனத்துள் வைத்துக்கொண்டே போவார்கள். நீங்கள் எடுத்த லூப்புக்குள்ளும் இப்படி ஒரு சொற்கட்டு மறைந்திருக்கலாம். உங்கள் பறை அதன் குறுக்கே நடந்தால் ஒட்டாது.

இந்தச் சிக்கலைப் பெரியவர்களும் சந்தித்திருக்கிறார்கள். 1940களில் நியூயோர்க்கில் கியூபப் பாடகர் மாச்சிட்டோவின் இசைக்குழுவை நெறிப்படுத்திய மாரியோ பௌசா, ஜாஸ் ஊதுகருவிகளைக் கிளாவேக்கு அடங்கி நிற்கப் பழக்கினார். 1947இல் டிஸ்ஸி கிலெஸ்பியின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கியூபாவின் கொங்கா மேளக் கலைஞர் சானோ போஸோவுக்கு ஆங்கிலம் வராது; எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்பதை வாயால் பாடிக் காட்டினார். நம் ஊர்த் தவில் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் முறையும் அதுவே அல்லவா?

சென்ற இதழில் எழுதிய இபெயி சகோதரிகளையும் பாருங்கள். அவர்களுடைய தந்தை அங்கா தியாஸ் பேர்பெற்ற கொங்காக் கலைஞர். இரட்டையரில் நவோமி, கஹோனையும் சடங்குகளுக்குரிய பாட்டா மேளத்தையும் வாசிக்கிறார். லிஸா-கைந்தே பியானோ வாசிக்கிறார். மேற்கு ஆபிரிக்க மொழியான யோருபாவின் துதிகளை இருவருமாகப் பாடுகிறார்கள். பின்னணியில் ஓடும் மின்னணு ஒலி மிகக் குறைவு. மேளத்துக்கு இடம் விட்டு மற்றவை ஒதுங்கி நிற்பதால்தான் அது அழகாக இருக்கிறது. லூப்பை முதலில் வைத்து அதன்மேல் பறையை ஒட்டுவது இதற்கு நேர்மாறான வழி.

ஆகவே பறையை முதலில் பதிவு செய்யுங்கள். அந்த அடி மும்மூன்றாக நடக்கிறதா, நான்கு நான்காகவா என்று வாயால் சொல்லிப் பாருங்கள். மும்மூன்றாக நடந்தால் கியூபாவை விட்டுவிட்டு மலோயாவின் பக்கம் போங்கள். ரியூனியனைச் சேர்ந்த ஜாக்கோ மாரோன் அந்த ஆறு எண்ணிக்கையை முழுக்க மின்னணுக் கருவிகளால் நடத்திக் காட்டியிருக்கிறார். இன்னொன்று: மென்பொருள் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கும் வசதியைப் பறையின் மேல் பயன்படுத்தாதீர்கள். பறைக்காரரின் கை சற்று முந்துவதும் பிந்துவதும்தான் அந்த அடிக்கு உயிர்.

நம் கூத்தும் பறையும் மங்கிக்கொண்டிருக்கையில், கடல் கடந்த தாளங்களைப் பற்றி இவ்வளவு எழுதத்தான் வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்

ஐயா, உங்கள் கவலை என் கவலையும்தான். அந்தக் கவலையோடுதான் ரியூனியனைப் பார்க்கிறேன். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரும் மடகஸ்கார் தீவின் மலகாசியரும், பின்னர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழரும் ஒரே மண்ணில் உழைத்த தீவு அது. அவர்களின் மலோயாவில், உட்கார்ந்து அடிக்கும் பெரிய ரூலே மேளமும், கரும்புப் பூந்தண்டுகளை அடுக்கிக் கட்டி உள்ளே விதைகள் இட்ட கயாம்பும் ஒலிக்கும். 1980களின் தொடக்கம் வரை அதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளாகிக் கிடந்த அந்த இசை, 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. அதைத் தூக்கிப் பிடித்த தானியேல் வாரோ ஓர் ஏழை வெள்ளை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தம் கருவிகளைத் தாமே செய்துகொள்பவர். இளைஞர் இன்று மலோயாவை மின்னணு இசையோடு கலக்க முடிகிறதென்றால், முன்னோரை நினைந்து இரவு முழுக்கப் பாடும் சடங்கு அங்கே வீட்டு முற்றங்களில் நின்றுபோகவில்லை என்பதே காரணம்.

மொரிஷியஸில் ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் மேளத்தை வாசிக்கும் முன் தீயில் காய்ச்சி இறுக்குவார்கள். நம் பறையைக் காய்ச்சும் அதே நெருப்பு. அங்கே கயா என்ற பாடகர் செகாவையும் ஜமைக்காவின் ரெகேயையும் சேர்த்து ‘செகே’ ஆக்கினார். 1999 பெப்ரவரியில் காவலில் இறந்தார், ஆனால் அந்த இசை நிற்கவில்லை. டிரினிடாட்டில் கலிப்சோப் பாடகர் லோர்ட் ஷோர்ட்டி 1970களில் அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் டோலக் தாளத்தைச் சேர்த்து ‘சோக்கா’ இசையை உருவாக்கினார். பிரேசிலின் சல்வடோர் நகரில் 1979இல் தொடங்கிய ஒலோடும் குழு, தன் தெருவின் பிள்ளைகளுக்கு மேளப் பள்ளி நடத்தியது. 1990இல் வெளிவந்த தம் இசைத்தட்டுக்காக, அந்தத் தெருவின் மேளத்தைத் தேடி அமெரிக்கப் பாடகர் போல் சைமன் அங்கே போனார்.

உங்கள் ஊரில் கூத்துக்கு மத்தளம் அடித்த பெரியவர் ஒருவர் இன்னும் இருந்தால், இந்த மாதமே கைத்தொலைபேசியோடு போய் அவரருகில் உட்காருங்கள். முதலில் அடியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதே அடியைக் கையால், மிக மெதுவாக. அதன்பின் மேடையில் அடித்த வேகத்தில். மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு அனுப்பி வைத்தால், சொற்கட்டை எழுத்தில் பிரித்து இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன். மேலே கேள்வி கேட்ட நகரத்துத் தம்பிக்கும் ஒரு பிரதி கொடுக்க உங்கள் அனுமதி வேண்டும்.